சண்டை முடியும்வரை மாமி

என் தம்பி உலகத் தமிழர் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன். சிரிக்காதீர்கள். அவனுடைய பெல்ட்டில் தங்க எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினாலே பெயருக்கு முன்னால் ‘உலக’ என்று போட்டுவிடுவார்கள். அதிலே எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை என்னவென்றால், பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இன்னொருவன் இருந்தான். அவனிடமும் அதே பெல்ட், அதே தங்க எழுத்து.

ஒரு உலகத்துக்கு எப்படி இரண்டு சாம்பியன் வந்தார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் குத்துச்சண்டைச் சங்கத்தின் ஆண்டு விழாவில் குத்துவிளக்குக்கு ஐந்து முகம், அழைத்த பிரமுகர்களோ ஆறு பேர். ஆறாவது ஆள் மெழுகுதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று நின்று பார்த்தார். பிறகு விறுவிறுவென்று இறங்கிப் போய், கார் நிறுத்துமிடத்தில் வைத்தே புதிய சங்கத்தைத் தொடங்கிவிட்டார். அன்றிலிருந்து பழைய சங்கத்துக்கு ஒரு சாம்பியன், புதிய சங்கத்துக்கு ஒரு சாம்பியன். பழையது என் தம்பி. இரண்டு பேரையும் மோதவிட்டால் மற்றச் சங்கத்தை அங்கீகரித்தது போலாகிவிடும் என்று இரண்டு பக்கத்துத் தலைவர்களும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள்.

தம்பி வீடுகளுக்குப் போய், குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் திருத்துகிறவன். அவன் பேஸ்மென்ற் படியில் இறங்கினால் படி முனகும். குணம் பஞ்சு. பிறந்தநாள் வீடு, கலியாண வீடு, எங்கே போனாலும் யாராவது ஒரு அண்ணை கையில் ரோல்ஸோடு வந்து கேட்பார்.

“தம்பி, அந்தப் பிக்கரிங் பெடியனோட அடிபட்டனீரோ?”

“இல்லை அண்ணை, இன்னும் சரிவரேல்லை.”

“ஆ...” என்பார் அந்த அண்ணை. அவ்வளவுதான். ரோல்ஸைக் கடித்துக்கொண்டு போய்விடுவார். மேடையில் வாங்கிய ஒரு குத்தும் தம்பியை அந்த ‘ஆ’ படுத்திய பாடு படுத்தவில்லை.

போன பங்குனியில் ஒருநாள் மில்லிக்கனில் என் வீட்டுக்கு வந்து, சோபாவில் இருந்து, விஷயத்தைச் சொன்னான்.

“அக்கா, டிசம்பரில எனக்கு நாப்பது. அதுக்குப் பிறகு இந்தப் பிரிவில ஏற விடமாட்டினம். கிழடுகளின்ர பிரிவுதான். அவன் திறமோ நான் திறமோ எண்டு எனக்குத் தெரியோணும். தோத்தாலும் பரவாயில்லை. தெரியாமல் கிழவனாக என்னால ஏலாது.”

அவன் என்னிடம் எதையும் கேட்கிற ஆள் இல்லை. சின்னதில் பார்க்டேலில் ஒரு அறை அப்பாட்மென்றில் நாங்கள் எல்லாரும் இருந்த காலத்தில்கூட, பசித்தால் பசிக்கிறது என்று சொல்லமாட்டான், ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவான். அப்படிப்பட்டவன் வாய் திறந்து கேட்டால் நான் எப்படி இல்லை என்பது?

என்னிடம் ஏன் வந்தான் என்றால், பேரம் பேசுவதுதான் என் பிழைப்பு. ஸ்டீல்ஸ் வீதிப் பக்கத்தில் ஒரு கலியாண மண்டபத்தில் புக்கிங் பார்க்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரையும் பெண் வீட்டாரையும் ஒரே மேசையில் இருத்தி, இரண்டு பக்கமும் தாங்கள்தான் வென்றோம் என்ற நினைப்போடு வீட்டுக்கு அனுப்பிவைப்பேன். இரண்டு சங்கத் தலைவர்களிடமும் தனித்தனியாகப் போய், “இது சங்கத்துச் சண்டை இல்லை, குடும்பங்கள் ஒழுங்கு பண்ணுற சண்டை, நீங்கள் விருந்தாளியா வந்தால் போதும், முன்வரிசையில கதிரை தாறன்” என்றேன். முன்வரிசை என்றதும் இரண்டு பேரும் ஓம் என்றார்கள்.

பிக்கரிங் பக்கத்தில் பேச்சுக்கு வந்தவர் அந்தப் பெடியனின் தகப்பன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முன்னர் ஒருமுறை பிரேக் போடுவார். கண்ணாடியில் பின்னால் பார்ப்பது போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். ஒரு பிளாசாவில் டோனட் கடையில் சந்திப்போம். அவர் கோப்பி வாங்கினால் அடுத்த முறை நான். அந்தக் கணக்கில்கூட அவர் விட்டுக்கொடுத்தது கிடையாது.

பேச வேண்டியவை கொஞ்சமா? அவருடைய மகன் காலால் ஓடி ஓடி அடிக்கிறவன், அவனுக்குப் பெரிய ரிங் வேண்டும். என் தம்பி ஆளை மூலைக்குள் அடைத்து வைத்து அடிக்கிறவன், எங்களுக்குச் சின்னது வேண்டும். மண்டபத்தில் தூண் இருக்கிறது, பெரிய ரிங் இறக்க இடம் இல்லை என்று நான் ஒரே பிடியாக நின்றேன். அடுத்த ஞாயிறு அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் மண்டபத்துக்கு வந்து, தூணுக்குத் தூண் நடந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். கடைசியில் நடுத்தரமாக ஒன்றுக்கு இறங்கி வந்தோம். நோட்டீஸில் யார் படம் இடது பக்கம் என்பதிலேயே இரண்டு கிழமை போனது. அதற்கு நான் கண்ட வழி, மில்லிக்கன் கடைகளுக்குத் தம்பி இடதுபக்கம் நிற்கிற நோட்டீஸ், பிக்கரிங் கடைகளுக்கு அவருடைய மகன் இடதுபக்கம் நிற்கிற நோட்டீஸ். நடுவிலே இருந்த ஒரு மரக்கறிக் கடைக்காரர் விவரம் தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டார். சனம் இரண்டு சண்டை நடக்கப்போகிறது என்று நினைத்தது.

சாம்பியன்தான் கடைசியாக மேடைக்கு வருவது வழக்கம். இரண்டு பேரும் சாம்பியன். சரி, இரண்டு பக்கக் கதவாலும் ஒரே நேரத்தில் வரட்டும் என்றேன். அதிலும் ஒரு சிக்கல். எங்கள் மண்டபத்தில் ஒரு பக்கம் மணமகன் அறை, மறுபக்கம் மணமகள் அறை.

“என்ர மகன் பொம்பிளை அறையில உடுப்பு மாத்தமாட்டான்,” என்றார் அவர்.

“என்ர தம்பி மட்டும் கொண்டை போட்டுக்கொண்டே வரப்போறான், அங்கிள்?”

கடைசியில் அன்றைக்கு மட்டும் இரண்டு கதவிலும் இருக்கிற பித்தளைப் பலகையைக் கழற்றிவிடுவது என்று முடிவாயிற்று. பிறகு தம்பியிடம் ரகசியமாகச் சொன்னேன், மணமகள் அறையை எடு, அங்கேதான் கண்ணாடியும் பாத்ரூமும் பெரிசு என்று. அவன் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொண்டான்.

திகதிதான் எல்லாவற்றிலும் சுலபமாக இருந்திருக்க வேண்டும். ஆடி மாதத்தில் யாரும் கலியாணம் செய்யமாட்டார்கள், மண்டபம் ஈயோட்டும், முதலாளி பாதி வாடகைக்குத் தருவார். பெடியனின் தகப்பன் பிரேக் போட்டார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

“பிள்ளை, ஆடியில நல்ல காரியம் செய்யிறேல்லையெல்லே.”

“ரெண்டு பேர் மூக்கை உடைக்கிறது நல்ல காரியமே, அங்கிள்?”

அன்றைக்குத்தான் அந்த மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார். அவரை எனக்குப் பிடித்துப்போனதும் அன்றைக்குத்தான்.

எல்லாம் பேசி முடிந்த பிறகு, “வீட்டை வாங்கோ பிள்ளை, அங்க வைச்சுக் கைகுடுத்து முடிப்பம்” என்றார். ஒரு விஷயத்தை முடிக்கப் போகிறபோது தனியாகப் போவது மரியாதை இல்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்பா இல்லை. அம்மாவைத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கேதான் நான் பிழை விட்டேன்.

காரில் ஏற்ற முன்னரே அம்மாவிடம் ஒரேயொரு நிபந்தனை சொன்னேன்.

“அம்மா, என்ன வேணுமெண்டாலும் கதையுங்கோ. ஊரில எவடம் எண்டு மட்டும் கேக்கப்படாது.”

“நான் ஏன் கேக்கிறன்?” என்றாள் அம்மா, ஏதோ வாழ்நாளில் அந்தக் கேள்வியைக் கேட்டே பழக்கமில்லாதவள் மாதிரி.

அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று என் தொழிலில் எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கேட்டதால் நின்றுபோன கலியாணத்தையும் பார்த்திருக்கிறேன், அதைக் கேட்டதால் திடீரென்று விருந்தாளிகள் இரண்டு மடங்கான கலியாணத்தையும் பார்த்திருக்கிறேன். டோனட் கடையில் அத்தனை மாதமும் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு யாழ்ப்பாணத்து ஆட்கள் இவ்வளவு காலம் அதைக் கேட்காமல் பழகியது உலக சாதனையாக இருக்கலாம்.

பிக்கரிங்கில் புது வீடு, பெரிய குசினி. அந்தப் பெடியனின் தாய் தேத்தண்ணியும் மீன் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தா. அவனும் வந்தான். என் தம்பி அளவு உயரம், ஆறேழு வயது இளமை, வெட்கப்பட்ட சிரிப்பு. அம்மாவுக்கு முதுகு பிடிக்கும் என்று கண்டு தானாகவே போய் நேரான கதிரை ஒன்று தூக்கிவந்து போட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை. அடிக்கப்போகிற ஆளுக்கு இவ்வளவு நல்ல குணம் இருக்கக் கூடாது.

அம்மா தேத்தண்ணியைக் குடித்தாள். ரோல்ஸைச் சாப்பிட்டாள். காலநிலை கதைத்தாள். கத்தரிக்காய் விலை கதைத்தாள். நான் அவளை மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தத் தாய் குனிந்து அம்மாவின் கோப்பையை எடுத்தா. அம்மா அவவின் முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பிள்ளை, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதையும். ஊரில நீங்கள் எவடம்?”

அவ்வளவுதான். கோயிலடி, பின்வீதி, சங்கக்கடை, அதற்குப் பக்கத்து ஒழுங்கை, அந்த ஒழுங்கையில் மாமரம் நின்ற வளவு என்று மூச்சுவிடாமல் போனது. கோப்பை மேசைக்குத் திரும்ப முதல் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு நின்றார்கள். அம்மாவின் தாயும் அவவின் தாயும் பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளாம். அப்படியென்றால் அம்மாவுக்கு அவ தங்கச்சி முறை. எனக்கும் தம்பிக்கும் சின்னம்மா. இடம்பெயர்ந்து ஒரு குடும்பம் ஒரு பக்கம், மற்றது மற்றப் பக்கம் என்று போய், யார் எங்கே என்று தெரியாமலே இத்தனை வருடம் இருந்திருக்கிறார்கள், காரில் அரை மணித்தியால ஓட்டத்தில்.

கண் கலங்க வேண்டிய இடம்தான். எனக்கு வந்தது எரிச்சல். ஏனென்றால் தகப்பன் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

“இது இனிச் சரிவராது, பிள்ளை,” என்றார். “தாய்மார் அக்கா தங்கச்சி எண்டால், பெடியள் அண்ணன் தம்பி. அண்ணன் தம்பியை மேடையில ஏத்தி அடிபட விட்டிட்டு நாங்கள் கீழ இருந்து கைதட்டுறதே? சனம் காறித் துப்பும்.”

நான் சொல்லிப் பார்த்தேன். தூரத்துச் சொந்தம்தானே, இன்றைக்குக் காலை வரைக்கும் தெரியாதுதானே என்றெல்லாம். நடக்கவில்லை. வருகிற வழியெல்லாம் அம்மா மடியில் ஒரு டப்பா நண்டுக் குழம்பை வைத்துக்கொண்டு, “எனக்கொரு தங்கச்சி கிடைச்சிருக்கிறாள், நீ ஏன் முகத்தை நீட்டிக்கொண்டு வாறாய்?” என்றாள். எனக்கு அந்த நண்டு மேலேயே கோபம்.

தம்பியிடம் சொன்னபோது அவன் வேலை வானுக்குள் இருந்தான். கதவைத் திறக்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினான். செய்தி எனக்கு முன்னமே போய்விட்டது. கையில் ஃபோனைக் காட்டினான். பிக்கரிங் பெடியன் மெசேஜ் போட்டிருந்தான். ‘ஹாய் அண்ணா’ என்று.

“இவனுக்கு இனி எப்பிடியக்கா அடிக்கிறது?” என்றான். சிரிக்கப் பார்த்தான். பிறகு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். இவ்வளவு பெரிய உடம்பு அழுதால் வானும் சேர்ந்து ஆடுகிறது. நான் ரோட்டில் நின்று அவன் தலையைத் தடவினேன். வாழ்க்கையில் இந்தப் பிள்ளை கேட்ட ஒரேயொரு பொருள், அதை என் அம்மா ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு விற்றுவிட்டு வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமை மண்டபத்தில் ஒரு கலியாணத்துக்கு ஒத்திகை. பெண்ணின் தம்பிதான் தோழனாக நிற்கப்போகிறவன். அவன் மாப்பிள்ளையின் தலைப்பாகையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். மாப்பிள்ளை துரத்திப் பிடித்து அவனைக் கார்ப்பெற்றில் போட்டு மிதிக்கிறார். தலைப்பாகை வாடகைக்கு எடுத்தது. இரண்டு வீட்டுத் தாய்மாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

“மச்சான்மார் எண்டால் அப்பிடித்தானே,” என்றா ஒரு தாய்.

நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழும்பி வெளியே போய் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

“அம்மா, தாயை விடுங்கோ. பிக்கரிங் பெடியன்ர தகப்பன் உங்களுக்கு என்ன முறை?”

மறுமுனையில் அம்மா விரல் மடிப்பது எனக்கே கேட்டது. “பொறு... எங்கட அப்பான்ர பக்கத்தால பாத்தா... அவற்றை தகப்பனும் எங்கட அப்பாவும் சகோதர முறை. அப்ப அவர் எனக்கு அண்ணன் முறையாத்தான் வரும்.”

“அப்ப எங்களுக்கு?”

“மாமா.”

“அவற்றை மகன்?”

“மச்சான்தான். அந்தப் பக்கத்தால பாத்தா அவன் உன்னையே கட்டலாம்,” என்றாள் அம்மா. என் கலியாணம் முடிந்து மகள் யுனிவர்சிற்றியும் முடிக்கப்போகிறாள் என்பது அவளுக்கு அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை.

அன்று பின்னேரமே பிக்கரிங்குக்குக் காரை விட்டேன். தகப்பன் கதவைத் திறந்தார். வழக்கமாக அங்கிள் என்கிற நான், “எப்பிடியிருக்கிறியள், மாமா?” என்றேன். பிரேக் போட்டார். இந்த முறை பிரேக் நீண்ட நேரம் பிடித்தது.

உள்ளே போய் இருந்து முழுவதையும் எடுத்து வைத்தேன். தாய் வழியாகப் பார்த்தால் அண்ணன் தம்பி, ஓம். ஆனால் எங்கள் ஊரில் எப்போது தாய் வழியாக மட்டும் பார்த்திருக்கிறார்கள்? தகப்பன் வழியாகப் பார்த்தால் மச்சான். மச்சானுக்கு மச்சான் அடித்தால் யார் கேட்பது? யார் காறித் துப்புவது? முன்வரிசையில் இருந்து சிரிப்பார்கள். மாமாவின் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. தான் பெடியனாக இருந்த காலத்தில் தன் மச்சான் ஒருவரைப் புதுச் சேட்டும் வேட்டியுமாகக் கேணிக்குள் தள்ளிவிட்ட கதையைச் சொன்னார். சொல்லும்போதே தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

“அப்ப நான் ஆர்?”

அடுப்படியில் நின்ற அந்தத் தாய் கேட்டா. கையில் அகப்பை. குரல் உயரவில்லை.

நான் யோசிக்காமல் சொன்னேன். “மாமாவின்ர மனுசி எண்டால்... மாமி.”

அவவின் முகம் சுருங்கிப்போனது. அகப்பையை வைத்துவிட்டு வந்து என் முன்னால் இருந்தா.

“பிள்ளை, இந்த நாட்டில இந்த வீட்டுக்கு வாற போற எல்லாரும் இவற்றை ஆக்கள். மாமி, மச்சாள், அண்ணி எண்டு எனக்கு எல்லாப் பேரும் இருக்கு. எல்லாம் இவரால வந்த பேர். என்ர கூடப்பிறந்ததுகளில ஒண்டும் மிஞ்சேல்லை. என்ர பக்கத்தால என்னைச் சின்னம்மா எண்டு கூப்பிட இந்த ஊரில நீயும் உன்ர தம்பியும்தான். கிடைச்சு ஒரு கிழமை ஆகேல்லை. அதையும் எடுக்கப்போறியோ?”

மாமா எழும்பிப் போய் அடுப்பைக் குறைத்தார். பிறகு, என்ன செய்வது, என் வாய் தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது.

“சண்டை முடியுமட்டும் மாமி,” என்றேன். “முடிஞ்ச கையோட சின்னம்மா.”

அவ என்னை உற்றுப் பார்த்தா. பேரம் தெரிந்த மனுசி என்று அப்போதுதான் விளங்கியது. “முடிஞ்ச பிறகு திருப்பி மாத்துறேல்லை. ஒருக்காச் சின்னம்மா எண்டால் பிறகு சாகுமட்டும் சின்னம்மா. பெடியள் அண்ணன் தம்பி. இன்னொருக்கா ரெண்டு பேரும் மேடையில ஏறேலாது.”

“ஓம்,” என்றேன். ஓம் என்பதில் எனக்கு என்ன கஷ்டம்? தம்பி கேட்டது ஒரு சண்டைதானே. கையைப் பிடித்து முடித்தோம். வெளிக்கிடும்போது, “போட்டு வாறன் மாமி” என்றேன். அவ முகத்தைத் திருப்பிக்கொண்டா.

அதற்குப் பிறகு இரண்டு பெடியங்களும் கயிறு அறுத்த கன்றுக்குட்டிகள்தான். ‘மச்சான், மூக்குக்கு இன்சூரன்ஸ் எடுத்து வை’ என்று ஒருத்தன் மெசேஜ் போட, ‘மச்சான், உமக்குக் கட்டில்தான் மேடைக்குக் கொண்டு வரோணும்’ என்று மற்றவன் போட, தம்பி அதை வேலை வானுக்குள் இருந்து வாசித்து வாசித்துச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம்.

ஆடியில் ஒரு ஞாயிறு மத்தியானம். மண்டபத்தின் நடுவில் தொங்குகிற பெரிய கண்ணாடி விளக்கைக் கூரையோடு சேர்த்து இழுத்துக் கட்டிவிட்டு ரிங்கை இறக்கினோம். மணவறைத் தூண்களை எடுக்க மறந்துபோனதால், நடுவர்கள் அதற்கு முன்னால் மாப்பிள்ளை பெண் மாதிரி இருந்தார்கள். இரண்டு சங்கத் தலைவர்களும் முன்வரிசையில், நடுவில் மூன்று கதிரை விட்டு. இரண்டு தாய்மாரும் இரண்டாவது வரிசையில் கையைக் கோத்துக்கொண்டு. அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கக் கூடாது என்று இந்த முறை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மொத்தம் மூன்று ரவுண்ட். முதல் ரவுண்ட் தம்பியுடையது. மூலைக்குள் அடைத்து விலாவில் போட்டான், மண்டபம் முழுக்கச் சத்தம் கேட்டது. இரண்டாவதில் அவனுடைய வலது கை போய் இறங்கியபோது மற்றவனின் முழங்கால் ஒருதடவை மடிந்து நிமிர்ந்தது. நான் கதிரை மேல் ஏறிவிட்டேன். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கென்ன. ஆனால் மற்றவன் விழவில்லை. மூன்றாவதில் அவனுடைய கால் வேலை செய்யத் தொடங்கியது. தம்பி ஒன்று போட முதல் அவன் இரண்டு போட்டுவிட்டு அங்கே இல்லை. மணி அடித்தபோது இரண்டு பேரும் விழுந்துவிடாமல் ஒருத்தனை ஒருத்தன் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தீர்ப்பு ஒரேயொரு நடுவர் வித்தியாசத்தில் பிக்கரிங் பக்கம் போனது.

மணமகள் அறைக்குள் ஓடினேன். தம்பி பெரிய கண்ணாடிக்கு முன்னால், ஐஸ் பையைக் கன்னத்தில் பிடித்தபடி இருந்தான். மணப்பெண்களுக்கு முகப்பூச்சுப் போடுகிற அத்தனை விளக்கும் அவன் முகத்தில் எரிந்தது. உதடு வெடித்திருந்தது. கையுறையைக் கழற்றியிருந்தார்கள், உள்ளே சுற்றிய துணி அப்படியே இருந்தது.

“தெரிஞ்சுதோ?” என்றேன்.

“பாதி தெரிஞ்சுது, அக்கா.” கண் மினுங்கியது. “ரெண்டாவது ரவுண்டில அவன்ர முழங்கால் மடிஞ்சதைக் கண்டனீங்களே? அதில நான் ஒரு எட்டு முன்னுக்கு வைச்சிருந்தா... டிசம்பருக்கு இன்னும் நாள் கிடக்கு. ஒக்டோபரில ஒருக்கா...”

கதவு திறந்தது. பிக்கரிங் பெடியன், ஒரு கண் மூடிப்போய், மற்றக் கண்ணால் சிரித்துக்கொண்டு. “மச்சான், என்ன அடியப்பா. விலா எல்லாம் கழண்டு போச்சு. வன் மோர் டைம் செய்வமா?”

“அக்கா ஒழுங்கு பண்ணுவா,” என்றான் தம்பி.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு தடித்த முகமும், ஐஸ்கிறீம் வண்டியைக் கண்ட பிள்ளைகள் மாதிரி. நான் தம்பிக்கு ஒரு சண்டை என்றுதான் பேசினேன். ஒரு சண்டையில் பாதிதான் தெரியவரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பெடியன் சாத்தாமல் விட்ட கதவில் அவனுடைய தாய் ஆட்டெலும்பு சூப் ஃபிளாஸ்கோடு நின்றா. பக்கத்தில் அம்மா. எவ்வளவு நேரமாக நின்றாவோ தெரியாது. உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு,

“முடிஞ்சுதோ?” என்று மட்டும் கேட்டா.

பெடியன் தலையைக் குனிந்துகொண்டான். தம்பி என்னைப் பார்த்தான். ஏதாவது பேசுங்கோ அக்கா என்று கேட்கிற பார்வை. நான் வாயைத் திறந்தேன். மண்டபத்து வாடகையில், ரிங்கில், நோட்டீஸில், ஆடி மாதத்தில் எல்லாம் எனக்கு வார்த்தை வந்தது. அவவின் முகத்தைப் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை. அந்த முகத்திடம் நான் எதைக் கொடுத்து எதைக் கேட்பது?

தம்பி ஐஸ் பையைக் கீழே வைத்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்தான். பிறகு, வெடித்த உதட்டோடு,

“வாங்கோ சின்னம்மா,” என்றான்.

அவ ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தா. அவனுடைய மார்பு வரைக்கும்தான் அவவின் தலை வந்தது. சூப்பை ஊற்றி முதல் கோப்பையை அவனுக்குத்தான் நீட்டினா, வென்ற தன் மகனுக்கு இல்லை. “அண்ணா, எனக்கும் கொஞ்சம் விடுங்கோ,” என்று அந்தப் பெடியன் பக்கத்தில் வந்து இருந்தான்.

துணி சுற்றிய கையால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. தம்பி இரண்டு கையையும் என்னிடம் நீட்டினான். மணப்பெண்களுக்குப் பூ நறுக்க வைத்திருக்கிற கத்தரிக்கோல் மேசை இழுப்பறையில் இருந்தது. அதை எடுத்து, மணிக்கட்டிலிருந்து மெதுவாக வெட்டிக் கழற்றினேன்.